எல்லாருடைய ரெக்கார்டிலும் இல்லாத ஒரு வரி

1

"கங்கா, இதெல்லாம் நீ புரிஞ்சிக்கினு எழுதுறியா, இல்ல படம் வரையற மாதிரி பாத்துப் பாத்து வரையறியா?"

எழிலரசி என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டு மூன்று வாரம் ஆகிறது. கேட்கும்போது அவள் கையில் கரும்பு ஜூஸ் டம்ளர் இருந்தது. கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, இரண்டு உறிஞ்சலுக்கு நடுவே கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. என்னை யாராவது கேள்வி கேட்டால் பதில் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாய்க்கு வரும். அதற்குள் கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். இந்தக் கதை அப்படித் தாமதமாக வந்த பதில்.

[இது நல்ல வரி என்று நினைத்து எழுதினேன். மூன்று வாரம் கழித்துச் சொல்வதற்குப் பெயர் பதிலா? இருக்கட்டும், அடிக்கப் போவதில்லை. அடிக்க ஆரம்பித்தால் எதுவும் மிஞ்சாது.]

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இதை நான் எழுதுவது வீணாய்ப்போன ரெக்கார்ட் நோட்டின் இடது பக்கங்களில். கல்லூரி ரெக்கார்டில் வலது பக்கம் கோடு போட்டிருக்கும். இடது பக்கம் வெறுமையாக இருக்கும். வலது பக்கத்தில் மை கொட்டியதும், தலைப்பு மாறியதுமாக எனக்கென்று இதுவரை ஆறு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. நான் கையெழுத்துப் பழகுகிறேன் என்று நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

2

முதல் தொடக்கம்:

ஒரகடம் கூட்ரோட்டில் மதியம் இரண்டு மணி ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும்போது, மாரிசெல்வம் கையில் —

நிறுத்திவிட்டேன். மாரிசெல்வம் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இங்கே கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. எங்கள் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருவார். "தங்கச்சி, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வருமா?" என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறு எதுவும் பேசியதில்லை. கம்பெனிகள் இருக்கும் ஊரில் நடக்கும் கதை, ஒரு தொழிலாளி இல்லாமல் எப்படி என்று பிடித்துப் போட்டேன். அவருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. ஓரமாக நில்லுங்கள் என்றால், மறுபடியும் ஆதாரை நீட்டுகிறார். ஒரு மனிதனுக்கு எத்தனை ஜெராக்ஸ்தான் வேண்டும்? காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிதாக வேண்டுமாம். போய் வாருங்கள், அண்ணா.

இரண்டாம் தொடக்கம்:

கோப்பு என்பது கணினியின் —

கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது. வேண்டாம்.

மூன்றாம் தொடக்கம்:

நான் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்றவள்.

இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் கடைசி வரி வரைக்கும் நீங்கள் "ஐயோ பாவம்" என்றே படிப்பீர்கள். கேண்டீன் வேலைக்குப் போன அம்மாவுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன். நான் ஒரு மாதம் லீவு போட்டேன். அந்த லீவு இன்னும் முடியவில்லை. அவ்வளவுதான். தாண்டிப் போகலாம்.

3

டில்லிபாபு அண்ணன் கடை, ஒரு பொறியியல் கல்லூரிக்கு எதிரே. போர்டில் ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் என்று இருக்கும். போர்டில் இல்லாத வேலை ஒன்று உண்டு. அது என்னுடையது. லேபில் செய்த நிரல்களையெல்லாம் மாணவர்கள் கையால் ரெக்கார்டில் எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எழுத நேரமில்லாதவர்கள் என்னிடம் தருவார்கள். என் எழுத்து நெட்டுக்குத்தாக நிற்கும். கல்லூரிக்கு இது தெரியும். சார்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் ஏற்பாடு.

கடையில் ஒரு பழைய ரெக்கார்டின் ஜெராக்ஸ் இருக்கிறது. முதல் பக்கம் கிழிந்துபோனதால் யாருடையது என்று தெரியாது. அதைப் பார்த்துத்தான் நான் எழுதுகிறேன். தானே எழுதும் யோக்கியர்களும் அதை ஜெராக்ஸ் எடுத்துப் போய்ப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஐந்து தலைப்பு: நோக்கம், செய்முறை, நிரல், வெளியீடு, முடிவு. முடிவு எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம். நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது.

யாரும் இயக்கவில்லை. யாரும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கப்பட்டது என்று எழுதியவள் நான், பதினொன்றாம் வகுப்பு.

நான்காவது பயிற்சியின் தலைப்பு: யூனிக்ஸ் சிஸ்டம் கால்களைக் கொண்டு கோப்பைக் கையாளுதல். கதை இங்கேதான் இருக்கிறது. மூன்று பக்கம் சுற்றி வந்ததற்கு மன்னியுங்கள்.

4

(நிரலை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதினால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுவீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் பதினாறு ரெக்கார்ட் எழுதினேன். அதனால் தமிழில் சொல்கிறேன்.)

சி மொழியில் நாம் எழுதும் நிரல் ஒரு கோப்பைத் தானாகத் தொட முடியாது. சிஸ்டத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தலைப்பில் உள்ள கால் இந்தக் கூப்பிடுதல்தான், நடக்கும் கால் இல்லை. ஓபன் என்று கூப்பிட்டால் அது கோப்பைத் திறந்து ஓர் எண்ணைக் கொடுக்கும், ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. அதற்குப் பிறகு கோப்பின் பெயர் செல்லாது, எண்தான் செல்லும். ரைட் என்றால் அந்த எண்ணுக்குரிய கோப்பில் எழுதும். ரீட் என்றால் படிக்கும். க்ளோஸ் என்றால் மூடும்.

இதில் யாரும் கவனிக்காதது ஒன்று. எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை சிஸ்டம் விரல் வைத்துக்கொண்டே வரும். எழுத எழுத விரல் நகரும். எழுதி முடித்ததும் விரல் கடைசி எழுத்துக்கு அப்பால் நிற்கும். அப்போது ரீட் என்றால், அங்கிருந்துதான் படிக்கும். அங்கே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பூஜ்யம் எழுத்து படித்தேன் என்று சிஸ்டம் மரியாதையாகச் சொல்லிவிடும். விரலைத் திரும்ப முதல் எழுத்துக்குக் கொண்டுபோக எல்சீக் என்று ஒரு கால் இருக்கிறது. ஒரே வரி.

பழைய ரெக்கார்டில் அந்த வரி இல்லை. எழுதுகிறது, அப்படியே படிக்கிறது. ஆனால் வெளியீட்டில், எழுதியது அத்தனையும் அழகாகத் திரும்ப வந்திருக்கிறது! வரவே முடியாத வெளியீடு. யாரோ ஒரு மகராசன் உட்கார்ந்து கையால் எழுதியிருக்கிறான். அதை ஊரே பார்த்து எழுதுகிறது.

பதினேழாவது ரெக்கார்டில்தான் எனக்கு உறைத்தது. போனிலேயே சி நிரலை இயக்கிப் பார்க்க இலவசத் தளங்கள் இருக்கின்றன. அடித்துப் பார்த்தேன். வெற்றுத் திரை. நெட் சரியில்லை என்று நினைத்து வாசலுக்கு வந்து நின்று பார்த்தேன். வெற்றுத் திரை. எல்சீக் வரியைச் சேர்த்தேன். வந்தது.

[இந்த இடத்தில் சந்தோஷம் என்று எழுத வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல்தான். பதினாறு ரெக்கார்ட்!]

"அண்ணா, நாலாவது ப்ரோக்ராம் தப்பா இருக்கு."

"இன்னா தப்பு?" டில்லிபாபு அண்ணன் மிஷினுக்குள் தலையை விட்டபடி கேட்டார். தாள் சிக்கியிருந்தது.

"ரன் பண்ணா ஒண்ணும் வராது."

"யாரு ரன் பண்ணப் போறா?"

"அவுட்புட் மட்டும் வந்த மாதிரி எழுதிக்கீறாங்க அண்ணா."

"சைன் உழுதா, இல்லியா?"

"விழுது."

"அப்போ கரீட்டு. நீ எழுதிக்கினே இரு."

5

பதினேழாவது ரெக்கார்ட் எழிலரசியுடையது. பிளஸ் ஒன் வரை என் பெஞ்சுக்காரி. அதில் மட்டும் அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதினேன்.

இங்கே எனக்கு அவளோடு ஒரு தகராறு. எழிலரசி என்ற பாத்திரத்தோடு. முதலில், எழிலரசிக்குக் கல்லூரிக்குப் போனதிலிருந்து திமிர் என்று எழுதினேன். கதை வேகமாக ஓடியது. ஆனால் அது பொய். அந்தக் கல்லூரியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். என்னைவிட வயதில் பெரிய மற்றவர்கள் எல்லாம், "அக்கா, ரெக்கார்ட் ரெடியா?" என்பார்கள். எதற்கடா நான் உனக்கு அக்கா? சரி, நல்லவள் என்று எழுதலாம் என்றால், அந்தக் கேள்வியைக் கேட்டவளும் அவள்தான். நல்லவளாகவும் நிற்க மாட்டேன் என்கிறாள், கெட்டவளாகவும் நிற்க மாட்டேன் என்கிறாள். இப்படி ஒத்துழைக்காத ஆளை வைத்து எப்படிக் கதை எழுதுவது?

அவள் ரெக்கார்டில் மட்டும் ஏன் சேர்த்தேன்? ஒன்று: சிநேகிதி, அவளுடையதாவது சரியாக இருக்கட்டும். இரண்டு: படமா வரைகிறேன்? பார். இரண்டும் உண்மை. எது அதிக உண்மை என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டு மணி நேரம் ஆகும்.

6

புதன்கிழமை மதியம் எழிலரசி கடைக்குள் ஏறி வந்து, ரெக்கார்டை என் மேஜைமேல் விரித்து வைத்தாள். எல்சீக் வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் கேள்விக்குறி.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கீற?"

"ஏன்?"

"பகலவன் சார் கிளாஸ்ல நிக்க வெச்சிட்டாரு. யார் ரெக்கார்ட்லயும் இல்லாத லைன் உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறாரு. நான் இன்னா சொல்லுவேன்? முழிக்கிறேன். எல்லாப் பசங்களும் திரும்பிப் பாக்குறானுங்க. நாலு மணிக்குள்ள வந்து எக்ஸ்ப்ளெயின் பண்ணு, இல்லனா சைன் கெடையாதுன்ட்டாரு. நாளிக்கு பிராக்டிகல்டி!"

கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகலில் உட்கார முடியாது. உட்காராவிட்டால் அரியர். எழிலரசியின் அப்பா கோபால், கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஓர் அரியர் வந்தால்கூட படிப்பை நிறுத்தி, என் பஸ்ஸிலேயே ஏற்றி கம்பெனி லைன் வேலைக்கு இறக்கிவிட்டு வருவேன் என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிட்டார். வாய்ப்பேச்சு இல்லை. அவளுடைய அக்கா இப்போது அந்த பஸ்ஸில்தான் மூன்றாவது சீட்டில் போகிறாள்.

"அந்த லைன் கரெக்டுதான்," என்றேன்.

"கரெக்டா எழுதச் சொல்லி உன்ன யாருடி கேட்டது? எல்லார் மாதிரியும் எழுதச் சொன்னேன்."

நான் ரெக்கார்டை என் பக்கம் இழுத்தேன்.

டில்லிபாபு அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஒயிட்னர் போட்டு அமுக்கும்மா."

"சார் சுத்தி வட்டம் போட்டுக்கீறாரு அண்ணா," என்றாள் எழிலரசி.

"வட்டத்துக்கும் சேத்துப் போடு. ஒயிட்னருக்கு இன்னா பஞ்சமா?"

"கங்கா, வேற நோட்டு வாங்கியாறேன். அந்த ஒரு ப்ரோக்ராம மட்டும் தப்பாவே எழுதிக் குடுத்துடேன். ப்ளீஸ்டி."

தப்பாகவே எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒருத்தி என்னிடம் கெஞ்சுகிறாள். பக்கத்தில் ஒருவர் ஒயிட்னரை ஆட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் காட்சியை நான் கற்பனை செய்திருந்தால், மிகைப்படுத்துகிறாள் என்று நீங்களே சொல்வீர்கள்.

7

"உக்காரு," என்றேன்.

வீணான தாள் ஒன்றில் எழிலரசி என்று பெரிதாக எழுதினேன். எழுதும்போது அவளுடைய ஆள்காட்டி விரலைப் பேனா முனைக்குப் பின்னாலேயே நகர்த்தி வரச் சொன்னேன். "சி"யைத் தாண்டி விரல் நின்றது.

"விரல எடுக்காத. அங்கேர்ந்து படி."

"இன்னாத்தப் படிக்கிறது? ஒண்ணும் இல்லியே."

"அதான்."

அவள் தாளைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு தானாகவே விரலை இழுத்துக்கொண்டு போய் "எ"யின் முன்னால் வைத்தாள்.

"இதான் அந்த லைனா?"

"இதான்."

"அவ்ளோதானா? இதுக்காடி என்ன நிக்க வெச்சாரு?" சிரித்துவிட்டாள். "அந்த லைன் நடுவுல ஒரு பூஜ்யம் கீதே, அது எதுக்கு?"

"முதல் எழுத்துலேர்ந்து எத்தன தள்ளிப் போவணும்னு. தள்ள வேணாம்னா பூஜ்யம்."

எனக்கு அப்போது பேசக் கூச்சம் வரவில்லை. இது பிறகுதான் உறைத்தது. இருபது நிமிடம் ஒரு ஆளோடு விடாமல் பேசியிருக்கிறேன்.

கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்ல இடம். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் பகலவன் சார் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கடைக்குள் வந்துவிட்டார்.*

*இந்தக் கட்டத்தில் சார் வருவது உங்களுக்கு வசதியான தற்செயலாகத் தோன்றும். இல்லை. கல்லூரி பிரிண்டர் வருடத்தில் பத்து மாதம் ரிப்பேர். பிராக்டிகலுக்கு முந்தைய நாள், பேட்ச் லிஸ்ட் பிரிண்ட் எடுக்க யாராவது ஒரு சார் வந்தே தீருவார்.

8

"என்ன, இங்க இருக்க?"

"பேனா வாங்க வந்தேன் சார்," என்றாள் எழிலரசி, எழுந்து நின்று. பேனா என் கையில் இருந்தது. அவளுடைய ரெக்கார்ட் என் முன்னால் விரிந்து கிடந்தது. என் விரலில் மை.

சார் அதையெல்லாம் பார்த்தார். பார்க்காத மாதிரி, "சரி, இங்கயே சொல்லு. அந்த லைன் எதுக்கு?" என்றார்.

சொன்னாள். நன்றாகச் சொன்னாள். விரலைக் காற்றில் நகர்த்திக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து, பூஜ்யம் வரைக்கும் சொன்னாள். நான் சொன்னதைவிடக் கோர்வையாக இருந்தது. படிக்கிற பிள்ளை இல்லையா?

"யார் எழுதினது இது?"

"நான்தான் சார்."

சார் நிமிர்ந்தார். என் தலைக்குமேல் கடையின் ரேட் போர்டு. ஆங்கிலத்தில் நான் எழுதியது. ஜி எழுத்தின் வாலை நான் ஒரு மாதிரியாகச் சுழிப்பேன். ரெக்கார்டிலும் அதே வால். அவர் போர்டை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார், ஏதோ ஸ்பைரல் போடவே வந்தவர் மாதிரி.

"நீ எந்த இயர்ம்மா?" என்றார் என்னிடம்.

"அது படிக்கல சார். நம்ம கடைலதான் கீது," என்றார் டில்லிபாபு அண்ணன்.

சார் எழிலரசி பக்கம் திரும்பினார். "அப்போ மத்தவங்க ரெக்கார்ட்ல அந்த லைன் இல்லாமலே அவுட்புட் எப்படி வந்துச்சு?"

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எழிலரசி என்னைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குப் பதில் அந்த நொடியே வந்தது.

"வந்திருக்காது சார். யாரும் ரன் பண்ணிப் பாக்கல."

"யாரும்" என்பதில் மூன்று வருடமாகக் கையெழுத்துப் போட்டுவரும் அவரும் இருக்கிறார் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு உடனே உறைத்திருக்கும்.

"உன்னக் கேக்கலம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எழுதுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். "எழிலரசி, நீ சொல்லு."

"வந்திருக்காது சார். யாரும் ரன் பண்ணிப் பாக்கல," என்றாள் எழிலரசி.

அதே சொற்கள். ஒன்றுகூட மாறவில்லை.

"ம். குட்."

ரெக்கார்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவைச் சட்டைப் பையில் செருக மூன்று முறை முயன்றார். "மத்தவங்ககிட்ட இதப் பத்திப் பேச வேணாம், என்ன? நாளைக்கு பிராக்டிகல்," என்றார். பேட்ச் லிஸ்ட்டை வாங்கிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

9

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன, மூன்றும் உருப்படவில்லை.

எழிலரசி என் பக்கம் திரும்பி, "கங்கா, நான் —

இதற்குமேல் அவள் வாய் அசைய மாட்டேன் என்கிறது. நான்கு முறை எழுதிப் பார்த்தேன். தேங்க்ஸ் என்று வைத்தால் மட்டமாக இருக்கிறது. மன்னிப்பு என்று வைத்தால், அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இரண்டாவது முடிவில் நான் கத்துகிறேன். பதினோரு வரி கத்தியிருக்கிறேன். சாரை, டில்லிபாபு அண்ணனை, அந்தப் பழைய ரெக்கார்டை எழுதிய மகராசனை. நல்ல வரிகள். ஆனால் அவை அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எனக்கு வந்தன. கடையில் அப்போது யாரும் இல்லை. அதனால் அடித்துவிட்டேன்.

மூன்றாவது, பல வருடங்கள் கழித்து என்று தொடங்குகிறது. அப்படித் தொடங்கும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

என் சிக்கல் இதுதான். கங்காதான் எழுதினாள் என்று எழிலரசி சொல்லியிருந்தால், ரெக்கார்ட் செல்லாது. பிராக்டிகல் இல்லை. திங்கட்கிழமை காலை, கோபால் மாமாவின் பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்து சீட். அது நடக்கக் கூடாது, எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. அவள் பரீட்சை எழுத வேண்டும். அவள் என் பெயரையும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் எனக்கு வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கிற மாதிரி எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். நான் இந்த நோட்டில் பதினான்கு இடது பக்கங்களை வீணாக்கிவிட்டேன்.

அதனால் சார் போன பிறகு எழிலரசி என்ன சொல்லியிருக்கலாம் என்பதை உங்களிடமே விடுகிறேன். கீழே இரண்டு வரி காலியாக இருக்கிறது. ஒரே நிபந்தனை: அவளைக் கெட்டவளாக்காதீர்கள், என்னை நல்லவளாக்காதீர்கள்.

................................................

................................................

எழுதிவிட்டீர்களா? நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு மை காய்வதற்காக அவள் ரெக்கார்டைக் கொஞ்ச நேரம் விரித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பேனாவுக்கு மூடி போட்டேன். கழற்றினேன். மறுபடி போட்டேன். "இன்னாமா, சைன் உழுந்துச்சா?" என்று டில்லிபாபு அண்ணன் மிஷினுக்குப் பின்னாலிருந்து கேட்டார். அவள் பெயர் எழுதிய அந்த வீணான தாளை மேஜையிலிருந்து எடுத்து, நான்காக மடித்து, ரெக்கார்டுக்குள் வைத்துக்கொண்டாள். ரெக்கார்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. அப்படியே விட்டுவிட்டு, படியிறங்கி, ஒரு கம்பெனி பஸ் போகும்வரை ஓரமாக நின்று, சாலையைக் கடந்து கல்லூரி கேட்டுக்குள் போனாள்.